வாடகைக்கு ஒரு வயிற்று வலி

போன வருஷம் மழைக்காலம். ஹைதராபாத்தில் நாச்சாரம் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரி. அங்கே ஓர் இரும்புக் கட்டிலில் படுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகுவதற்காக எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு எனக்குக் கிடைத்த முதல் நடிப்பு வேலை அதுதான். முதல் நாளே அந்த வேலையைக் கிட்டத்தட்டத் தொலைத்தேன். கூடவே என்னையும்.

நான் எப்படி அங்கே போய்ப் படுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அதே நாச்சாரத்தில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தேன். கம்பெனி ஊருக்கு வெளியே எங்கேயோ மாறிப் போனது. போகும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போக மறந்துவிட்டது. லோத்குண்டாவில் வீட்டில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், செகந்திராபாத்தில் ஒரு காபிக் கடை மாடியில் சனிக்கிழமைதோறும் சின்னப் பசங்கள் கூடி ஏதோ விளையாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். எண் கூப்பிட்டுக் கட்டம் அடிக்கிற தம்போலா என்று நினைத்துத்தான் போனேன். அது இம்ப்ராவ்.

இம்ப்ராவ் என்றால் எழுதி வைக்காத நாடகம். மேடை ஏறிய பிறகுதான் நீங்கள் யார், எங்கே நிற்கிறீர்கள் என்பதே முடிவாகும். பார்க்க வந்தவர்களிடம் ஒரு சொல் கேட்போம். "பல் டாக்டர்" என்பார்கள். உடனே ஒருவன் டாக்டர், இன்னொருவன் பல். இதில் முக்கியமான சட்டம் ஒன்று உண்டு. எதிரில் நிற்பவன் என்ன சொன்னாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. "அங்கிள், உங்க தலைமேல கொக்கு உட்கார்ந்திருக்கு" என்றால், "ஆமாம்பா, மூணு மாசமா வாடகையே தரலை" என்று அதன்மேல் கட்டிக்கொண்டே போக வேண்டும்.

எனக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. எனக்குப் பயம் வந்தால் அது பயமாக வெளியே வராது, ஜோக்காக வரும். எவ்வளவு பயப்படுகிறேனோ அவ்வளவு சிரிக்க வைப்பேன். அந்த மாடியில் நரைத்த தலை நான் ஒருவன்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் உயிர் போகிற பயம். அதனால் பயங்கரக் கைதட்டல்.

கைதட்டலைக் கொண்டுபோய் மளிகைக் கடையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா? அதை என் மனைவி கேட்டாள். அவள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்; 'ஏன்' என்பதற்கு ஹைதராபாத் ஹிந்தியில் 'கைக்கு' என்பாள். "கைக்கு இந்த வேண்டாத வேலை? எதிர்ல இருக்கவங்க சொன்னதுக்கெல்லாம் உடனே பதில் சொல்றதுதான் கலைன்னா, கல்யாணமான நாளா நான் பெரிய ஆர்ட்டிஸ்ட்."

வேலை தேடினேன். ஒரு ஐ.டி. கம்பெனியில், ஊழியர்களுக்கு இம்ப்ராவ் சொல்லித்தருகிறேன் என்றேன். அந்த ஹெச்.ஆர். பெண் ரொம்ப மரியாதையாக, "நீங்க அன்னைக்கு என்னென்ன பேசுவீங்கன்னு முன்னாடியே டைப் பண்ணி அனுப்பிடுங்க சார்" என்றாள். எழுதி வைக்காததுதான் இந்தக் கலை என்று விளக்கினேன். "ஓகே சார். அப்ப அதையே டைப் பண்ணி அனுப்பிடுங்க" என்றாள். ஓர் அபார்ட்மெண்ட் பிறந்த நாள் விழாவில் புறா இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் முயலுக்கு இறங்கி வந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் என் வயதைக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு வேறெதுவும் கேட்கவில்லை.

அப்போதுதான் எங்கள் குழுவில் ஒரு பெண் ஒரு வாட்ஸ்அப் செய்தியை அனுப்பினாள். நர்சிங் கல்லூரித் தேர்வுக்கு நோயாளியாக நடிக்க ஆள் தேவை. மாணவிகள் ஒவ்வொருவராக வந்து நோயாளியிடம் பேசுவார்கள், கேள்வி கேட்பார்கள். எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்த்து ஆசிரியை மார்க் போடுவார். கடைசி வரியில், 'நடிப்பு அனுபவம் அவசியமில்லை' என்று இருந்தது. அந்த வரி மட்டும் கொஞ்சம் வலித்தது. ஆனாலும் ஓடினேன்.

பொறுப்பாளர் ஒரு மலையாள மேடம். கோயம்புத்தூரில் சில வருஷம் வேலை பார்த்தவர், என்னிடம் தமிழிலேயே பேசினார். கையில் ஒரு கார்டு கொடுத்தார். அதன்படி நான் அப்பாராவு. ஆட்டோ ஓட்டுகிறவன். ராத்திரியிலிருந்து வலது பக்கம் அடிவயிற்றில் வலி, ஒரு தடவை வாந்தி, லேசாகக் காய்ச்சல். தெலுங்கில்தான் பேச வேண்டும். "இத்ரயும்தான் சாரே. நல்லா வந்தா மாசாமாசம் கூப்பிடுவேன். காலையில சாப்பிட்டுட்டு வரணும், நேரம் ஆகும்" என்றார்.

மாசாமாசம் என்று அவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. அன்று காலையில் பயத்தில் இட்லி தொண்டைக்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. அதை மனைவியிடம் சொல்ல முடியுமா?

"வயித்து வலிக்காரன் எப்படிச் சாப்பிடுவான்? பாத்திரத்துக்காகப் பட்டினி" என்றேன்.

"எந்தப் பாத்திரத்துக்கு? சிங்க்ல கிடக்கே, அதுக்கா?" என்றாள்.

பழக்க தோஷத்தில் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மாத்திரை போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவர் என்னிடம் சொன்னார். அப்பாராவிடம் சொல்லவில்லையே.

பெரிய ஹால். பச்சைத் திரைகள் போட்டு அறை அறையாகத் தடுத்திருந்தார்கள். ஒவ்வொரு திரைக்குப் பின்னாலும் ஒரு சோதனை; அதை 'மேஜை' என்பார்கள். ஓரிடத்தில் ஊசி, ஓரிடத்தில் கட்டுப் போடுவது, ஓரிடத்தில் நான். மணி அடித்தால் மாணவி உள்ளே வர வேண்டும், அடுத்த மணிக்கு முடித்துவிட்டு அடுத்த திரைக்குப் போய்விட வேண்டும். மேடம் என் கட்டிலுக்கு எதிரே மூலையில் மார்க் தாளோடு உட்கார்ந்திருப்பார். மாணவி அவரிடம் பேசக் கூடாது. அவரும் பேச மாட்டார்.

முதல் மணி அடித்தது. முதல் மாணவி வந்து என்ன செய்கிறது என்று கேட்டாள். கார்டில் உள்ளதைச் சொன்னேன். அவள் எதையோ எழுதிக்கொண்டாள். பார்க்கப் பாவமாக இருந்தது. நேற்று மாமியார் வீட்டில் விருந்து என்று ஒரு துளி சேர்த்தேன். அடுத்தவளிடம், ஆட்டோவை நோ பார்க்கிங்கில் விட்டு வந்திருக்கிறேன், இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அழுதேன். மூன்றாவது பெண்ணிடம் என் மச்சான்மீது சந்தேகமாக இருக்கிறது என்றேன். அவள் கண்களை விரித்து, விஷமா என்றாள். எதிரில் இருப்பவர் சொன்னதை மறுக்கலாமா? இருக்கலாம் என்றேன். அவள் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று திரையை விட்டு வெளியே போகப் பார்த்தாள்.

டீ இடைவேளையில் மேடம் என்னை ஒரு தூணுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"சாரே, இது நாடகம் இல்லா. பரீட்சை. ஒரு குட்டிக்கு விருந்து, ஒரு குட்டிக்கு ஆட்டோ, ஒரு குட்டிக்குக் கொலைகேஸ். நான் எங்ஙனே மார்க் போடும்?"

"சும்மா கொஞ்சம் உயிரோட்டமா இருக்கட்டும்னு..."

"உயிரோட்டம் வேண்டா. எல்லாருக்கும் ஒரே வலி, ஒரே பதில். கார்டில இல்லாத ஒரு வார்த்தை இனி வந்தா, நாளைக்கு வேற ஆள்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உலகத்திலேயே இந்த வேலைக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஆள் இம்ப்ராவ்காரன்தான். ஒன்றையே இரண்டாவது தடவை சொல்ல வராதே என்றுதான் நான் அந்தக் கலைக்கே போனேன். சர்க்கரை இல்லாத டீயை வாங்கிக் குடித்தேன். பிஸ்கட் தட்டு வந்தது. அப்பாராவு சாப்பிட மாட்டான் என்று பெருமையாகத் தள்ளிவிட்டேன்.

ஜன்னல் ஓரம் ஒரு மாணவி நின்று உதட்டுக்குள் எதையோ மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண். பக்கத்தில் இருந்த தோழி தெலுங்கில் அவளைக் கடிந்துகொண்டிருந்தாள். "போன தடவை மாதிரி ஒவ்வொரு பேஷண்டுகிட்டயும் உட்கார்ந்து கதை கேட்டுட்டிருக்காதே. மணி அடிச்சா எழுந்திரு. இந்தத் தடவையும் ஃபெயிலானா எங்களோட வார்டுக்கு வர முடியாது, ஜூனியருங்களோடதான் நிக்கணும்." அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டினாள். "பயப்படாதேம்மா, வலி எனக்குத்தானே" என்று தெலுங்கில் ஒரு ஜோக் அடித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள்.

இடைவேளைக்குப் பிறகு நான் தங்கமான அப்பாராவு. ஒரே வலி, ஒரே பதில். ஒருத்தி வந்தாள், போனாள். அடுத்தவள் வந்தாள், போனாள். மேடம் முகத்தில் லேசாகத் திருப்தி. அப்போது என் கை நடுங்கியது. நான் நடுங்கச் சொல்லவில்லை. பரவாயில்லை, பாத்திரம் தானாகவே உள்ளே இறங்கிவிட்டது என்று எனக்கே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. கொட்டகையில் இடைவேளை முடிந்ததும் விளக்கை அணைப்பார்களே, அதுபோல மேலே இருந்த டியூப்லைட் மங்கிக்கொண்டே வந்தது. ஆஹா, என்ன நடிப்பு.

மணி அடித்தது. ஜன்னல் ஓரப் பெண் உள்ளே வந்தாள்.

தெலுங்கில் பேர் கேட்டாள். அப்பாராவு என்றேன். எங்கே வலி என்றாள். காட்டினேன். அவள் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. என் சட்டையைப் பார்த்தாள். பிறகு என் கழுத்தின் பின்பக்கம் கையை வைத்தாள். அவள் கை என் வியர்வையில் ஈரமாகிவிட்டது.

"சார், உங்களுக்கு நிஜமாவே உடம்பு சரியில்லையா?" என்று தெலுங்கில் கேட்டாள்.

என்ன அபாயமான கேள்வி என்று பாருங்கள். ஆமாம் என்றால் கார்டில் இல்லாத வார்த்தை. எதிரே மேடம். நாளைக்கு வேற ஆள். "நிஜம்தான்மா, ராத்திரியிலிருந்து வலி, ஒரு தடவை வாந்தி" என்று அப்பாராவு தெலுங்கில் ஒப்பித்தான்.

"அது இல்லை சார். உங்களுக்கு."

"எனக்குத்தான்மா. ஆட்டோ ஓட்டறேன்."

"வீட்டுக்குப் போன் பண்ணணும்னா யாருக்குப் பண்ணட்டும்?"

இது கார்டிலேயே இல்லாத கேள்வி. மூளை ஏற்கெனவே கடையைச் சாத்திக்கொண்டிருந்தது, ஆனால் பழைய வியாபாரப் புத்தி போகவில்லை. "என் பெண்டாட்டி துபாய்ல இருக்கா" என்று எடுத்துவிட்டேன். சொன்ன உடனே, ஐயோ கார்டில் இல்லையே என்று பயந்து மேடத்தைப் பார்த்தேன். அவர் என்னை முறைத்தார்.

அந்தப் பெண் திரும்பி, செய்யக் கூடாததைச் செய்தாள். "மேடம், இவருக்கு நிஜமாவே ஏதோ ஆகுது."

"ஆக்டிங். கன்டினியூ" என்றார் மேடம், தாளிலிருந்து தலையைத் தூக்காமல். மார்க் தாளில் ஒரு கட்டத்துக்குள் அவர் பேனா குறுக்குக் கோடு போட்டது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் பாவம், காலையிலிருந்து நான் காட்டிய வித்தைகளைப் பார்த்த பிறகு வேறு என்ன தோன்றும்?

நான் கண்ணை மூடிக்கொண்டேன். "அப்பனே முருகா" என்று வாய் தானாக முனகியது.

அந்தப் பெண் சட்டென்று குனிந்தாள். காதுக்குப் பக்கத்தில், மேடத்துக்குக் கேட்காத குரலில், உடைந்த தமிழில் பேசினாள். "அங்கிள், நீங்க தமிழா? எங்க வீட்லயும் தமிழ்தான், லாலாகுடா. நிஜம் செப்புங்க அங்கிள். என்ன ஆச்சு?"

தெலுங்கில் கேட்டிருந்தால் அப்பாராவு சாயங்காலம் வரை பொய் சொல்லியிருப்பான். தமிழில் கேட்டபோது அவனைக் காணவில்லை. கட்டிலில் நான் மட்டும் கிடந்தேன்.

"காலைல சாப்பிடலைம்மா. சுகர் மாத்திரை போட்டுட்டேன்" என்றேன்.

அடுத்து நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். திரை சர்ரென்று விலகியது. மேடம், "எங்கே போகுது? மணி அடிக்கலை!" என்று எழுந்தார். ஹாலின் அந்தக் கோடியிலிருந்த டீ மேஜைக்கு அந்தப் பெண் ஓடினாள். ஊசித் திரை, கட்டுத் திரை எல்லாம் எட்டிப் பார்த்தன. என்னைத் தூக்கி உட்காரவைத்து, பாகு மாதிரி இனிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். "மெல்ல மெல்ல அங்கிள், முழுங்குங்க." திட்டுவதற்காகப் பக்கத்தில் வந்த மேடம் என் கையைத் தொட்டார். அவ்வளவுதான், திட்டைப் பாதியில் விட்டுவிட்டு நர்ஸாகிவிட்டார். விரலில் ஊசி குத்தினார்கள். கருவி காட்டிய எண்ணைப் பார்த்து மலையாளத்தில் ஏதோ கடவுளைக் கூப்பிட்டார். இதற்கிடையில் யாரோ கடமை தவறாமல் மணி அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் டியூப்லைட் மறுபடி முழு வெளிச்சத்துக்கு வந்தது. நான் வழக்கம்போல, "மேடம், இதுவும் கார்டுல இல்லை, மன்னிக்கணும்" என்று ஜோக் அடித்தேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற விஷயமும் இல்லை. அந்தப் பெண் திரையோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் போக வேண்டிய அடுத்த இரண்டு மேஜைகளின் நேரமும் போய்விட்டது.

"நீ கேள்வி ஒண்ணும் முடிச்சில்லா" என்று மேடம் அவளிடம் ஆரம்பித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்: "ரூல் உண்டு சாரே. மணிக்கு முன்னே வெளியே போனா அந்த மேஜைக்கு மார்க் இல்லை. எக்ஸாமினரோட பேசினா அதுக்கும் குறைக்கணும். இவ போன தடவையும் இதுபோலத்தான்."

 அந்தப் பெண் அழவில்லை. கையில் சர்க்கரை ஒட்டியிருந்ததைச் சீருடையில் துடைத்துக்கொண்டாள்.

என்னிடம் ஒரு நல்ல பதில் தயாராக இருந்தது. 'ஒண்ணுமில்லை மேடம், உள்ளே புழுக்கம், லேசா மயக்கம்.' இதைச் சொன்னால் குற்றம் புழுக்கத்தின்மேல் போகும், வேலை என்னிடம் இருக்கும். சாப்பிடாமல் வந்தேன் என்று வாயைத் திறந்தால், அவர் சொன்ன ஒரே ஒரு நிபந்தனையையும் மீறிய ஆள் நான் என்றாகிவிடும். மாசாமாசமும் போச்சு. பயம் வந்தது. அதிசயம் என்னவென்றால், அன்றைக்கு அது ஜோக்காக மாறவில்லை. சர்க்கரைத் தண்ணீரின் குணமோ என்னவோ.

"மேடம், அந்தப் பொண்ணு கேள்வி எல்லாம் கேட்டுச்சு. நான்தான் பொய் பதில் சொன்னேன். நீங்க சாப்பிட்டு வரச் சொன்னீங்க, நான் சாப்பிடாம வந்தேன். மாத்திரை வேற போட்டேன். அதை மறைச்சு மறைச்சுப் பேசினேன். காலைலேர்ந்து இத்தனை பேர் வந்தாங்க. எல்லாரும் என் பதிலைக் கேட்டாங்க. இவ ஒருத்திதான் என்னைப் பார்த்தா."

மேடம் மார்க் தாளில் தான் போட்ட கோட்டைப் பார்த்தார். 

"ஞானும் பார்த்தில்லா" என்றார், யாரிடம் என்று இல்லாமல். பிறகு அவளிடம், "ரூலை நான் மாத்த முடியாது. ஆனா பேஷண்ட் சரியில்லாம போனா அந்த மேஜை கேன்சல். அதும் ரூல்தான். நாளைக்குக் காலையில வா. எல்லா மேஜையும் மறுபடி" என்றார். என் பக்கம் திரும்பினார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். "சாரும் வரணும். அதே நோயாளி இல்லாம எங்ஙனே பரீட்சை வைக்கும்? சாப்பிட்டுட்டு. இல்லேன்னா உங்க வீட்டுக்குப் போன் பண்ணுவேன்."

துபாய்க்கா மேடம் என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி ஒரு தட்டு நிறைய இட்லியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அது என்ன வகைத் திட்டு என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் நான் வயிறு முட்டச் சாப்பிட்ட அப்பாராவு. மணி அடித்தது, அவள் வந்தாள். என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பேர், வயது, எங்கே வலி, எப்போதிலிருந்து. ஒவ்வொன்றாக, நிதானமாக, தெலுங்கில் கேட்டாள். நானும் கார்டில் இருந்ததை அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மணி அடிப்பதற்குள் முடித்துவிட்டாள். நன்றி சொல்லி எழுந்தாள். திரை வரைக்கும் போனவள் திரும்பி வந்து, என் கழுத்தின் பின்னால் ஒரு நொடி கையை வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. போய்விட்டாள். கேட்க வேண்டிய கேள்விகள் என்று மேடம் வைத்திருந்த எதிலும் அது கிடையாது. அதற்கு மார்க்கும் கிடையாது. மேடம் பார்க்காதவர்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் தேறிவிட்டாள். தோழிகளோடு வார்டுக்கும் போய்விட்டாள் என்று மேடம் சொன்னார். நான் இன்றும் மாசாமாசம் போய்ப் படுக்கிறேன். நெஞ்சு வலி, எலும்பு முறிவு, ஒரு தடவை பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிற கணவன் என்று உயர்ந்துகொண்டே வருகிறேன். நன்றாக நடிக்கிறீர்கள் என்று மாணவிகள் சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம், என் நடிப்பை நம்பாத ஒரே ஒரு பெண்ணின் ஈரக் கையைத்தான் கழுத்தில் உணர்கிறேன்.